ஃபார்முலா ஒன் பந்தயத்தில் விதி மாற்றமும் நியாயமும்

ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தில் ஒரே நேரத்தில் இரண்டு போட்டிகள் நடக்கின்றன. ஓட்டுநர்கள் தடத்தில் மோதுகிறார்கள். அவர்களுக்குக் காரை வடிவமைத்துத் தரும் பொறியாளர்கள் பட்டறையிலும் காற்றுச் சுரங்கத்திலும் மோதுகிறார்கள். ஓட்டுநருக்கு ஒரு பட்டம், காரைக் கட்டிய அணிக்கு ஒரு பட்டம் என்று ஆண்டுதோறும் இரண்டு உலகப் பட்டங்கள் வழங்கப்படுவது இதனால்தான். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் காரைக் கொடுத்து ஓட்டச் சொல்லும் பந்தயங்கள் உலகில் பல உண்டு. இங்கோ ஒவ்வோர் அணியும் தன் காரைத் தானே உருவாக்க வேண்டும் என்பது அடிப்படை.

அந்த வடிவமைப்புக்கு எல்லை வகுப்பவை தொழில்நுட்ப விதிகள். எஞ்சினின் கொள்ளளவு, காரின் அகலம், குறைந்தபட்ச எடை, இறக்கையின் உயரம் என எல்லாவற்றையும் அவை அளந்து சொல்கின்றன. சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு (எஃப்.ஐ.ஏ.) இவற்றை வெளியிட்டு, ஆண்டுதோறும் திருத்துகிறது. சில சமயம் சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே திருத்துகிறது. ஓர் அணி மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த நுட்பம் வெற்றி தரத் தொடங்கியதும் தடைக்குள்ளாவது இந்த விளையாட்டில் பழகிப்போன காட்சி. இந்த நடைமுறையின் நன்மை என்ன, கேடு என்ன, எந்த மாற்றம் நியாயமானது என்பவை எடைபோட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகள்.

எல்லைகளும் இடைவெளிகளும்

பந்தயக் காரின் வேகம் எஞ்சினால் மட்டும் வருவதில்லை. வளைவுகளில் எவ்வளவு வேகத்தைத் தக்கவைக்க முடிகிறது என்பதில்தான் சுற்று நேரத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. அதற்கு டயர் தரையை இறுகப் பற்ற வேண்டும். காரின் எடையைக் கூட்டாமல் அந்தப் பிடியைக் கூட்ட ஒரு வழி உண்டு. காற்றைக் கொண்டே காரைத் தரையோடு அழுத்துவதுதான் அது. டவுன்ஃபோர்ஸ் எனப்படும் இந்தக் கீழழுத்தத்துக்காக 1960களின் இறுதியில் கார்களில் இறக்கைகள் முளைத்தன. அடுத்து, காலின் சாப்மனின் லோட்டஸ் அணி காரின் அடிப்பகுதியையே தலைகீழ் இறக்கை வடிவில் அமைத்தது. பக்கவாட்டில் தரையைத் தொடும் தடுப்புப் பட்டைகளை மாட்டி, காருக்கு அடியில் காற்றழுத்தத்தைக் குறைத்தது. அப்படி உருவான லோட்டஸ் 79 காரில் மாரியோ ஆண்ட்ரெட்டி 1978ஆம் ஆண்டின் உலகப் பட்டத்தை வென்றார்.

விதியை எழுதுபவர் தமக்குத் தெரிந்த ஆபத்துகளைத்தான் தடுக்க முடியும். பொறியாளர் தேடுவது அவர் நினைத்துப் பார்க்காததை. 1976இல் டிரல் அணியின் டெரெக் கார்ட்னர், முன்பக்கம் நான்கு சிறிய சக்கரங்களும் பின்பக்கம் இரண்டு பெரிய சக்கரங்களும் கொண்ட பி34 காரை ஓடவிட்டார். காருக்கு நான்கு சக்கரங்களே இருக்க வேண்டும் என்று அப்போது விதி இல்லை. அந்த ஆண்டு ஸ்வீடன் பந்தயத்தில் முதல் இரண்டு இடங்களும் அந்த ஆறு சக்கரக் கார்களுக்கே கிடைத்தன. நான்கு சக்கர விதி 1983இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இப்படி விதியின் எழுத்துக்கும் நோக்கத்துக்கும் இடையில் எப்போதும் ஓர் இடைவெளி இருக்கிறது. அதில் புகுவது ஏமாற்று வேலை ஆகாது. பந்தயப் பொறியியல் வளர்ந்ததே அதில்தான். எழுத்தை மீறாதவரை அணி தவறு செய்யவில்லை. ஆனால் அந்த இடைவெளியை அடைக்கும் உரிமையும் நிர்வாகத்துக்கு உண்டு. அந்த உரிமையை எப்போது, எந்தக் காரணத்துக்காக, எந்த முறையில் பயன்படுத்துகிறது என்பதில்தான் நியாயம் அடங்கியிருக்கிறது.

மாற்றத்தின் தேவை

விதி மாற்றத்துக்கு முதல் நியாயம் உயிர்ப் பாதுகாப்பு. 1969 மே 4 அன்று பார்சிலோனாவின் மோன்ஜுயிக் தடத்தில் கிரஹாம் ஹில், யோகன் ரிண்ட் ஆகிய இருவரின் லோட்டஸ் கார்களும் ஒரே பந்தயத்தில் விபத்துக்குள்ளாயின. மெல்லிய கம்பங்களின் மேல் உயர நின்ற இறக்கைகள் ஒடிந்ததே காரணம். அடுத்த பந்தயம் மோனகோவில். முதல் நாள் பயிற்சி முடிந்த பிறகு, அந்த இடத்திலேயே இறக்கைகள் தடை செய்யப்பட்டன; அன்று பதிவான நேரங்களும் ரத்தாயின. உயரத்துக்கும் பொருத்தும் முறைக்கும் கட்டுப்பாடு விதித்த பிறகே இறக்கைகள் திரும்ப அனுமதிக்கப்பட்டன. தடை திடீரென்று வந்தது உண்மை. ஆனால் இறக்கை எல்லா அணிகளிடமும் இருந்தது. எல்லோரும் சமமாக இழந்தார்கள். ஆபத்தும் கண்முன்னே நிரூபணமாகியிருந்தது.

லோட்டஸ் கொண்டுவந்த தடுப்புப் பட்டைகளும் இதே வகை. பட்டை சிக்கிக்கொண்டாலோ தரையை விட்டு எழும்பினாலோ கீழழுத்தம் நொடியில் மறைந்து, வளைவின் நடுவில் கார் கட்டுப்பாட்டை இழக்கும். நகரும் பட்டைகள் 1981 முதல் தடை செய்யப்பட்டன. 1983 முதல் காரின் அடிப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது.

இரண்டாவது நியாயம் செலவு. பெரிய கார் நிறுவனங்களின் அணிகள் ஒரு நுட்பத்தில் கோடிகளைக் கொட்டினால், சிறிய அணிகளும் கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் விலக வேண்டும். மூன்றாவது, ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கும் வாய்ப்பு. விதிப் புத்தகம் அடியோடு மாறும்போது, முன்னணி அணியின் பல ஆண்டு அனுபவம் மதிப்பிழக்கிறது. பின்தங்கியவர்களுக்கு வழி திறக்கிறது. இவை மூன்றும் இல்லாவிட்டால் ஃபார்முலா ஒன் பாதுகாப்பற்றதாகவும் ஒரே அணியின் ஆட்டமாகவும் முடிந்திருக்கும்.

தடையின் இழப்புகள்

எல்லாப் புதுமையையும் சந்தேகத்தோடு பார்த்தால் இழப்பது என்ன என்பதற்கும் சான்று இருக்கிறது. 1981இல் ஜான் பார்னார்ட் வடிவமைத்த மெக்லாரன் எம்பி4/1 காரின் உடல் கார்பன் இழையால் ஆனது. மோதினால் அது நொறுங்கித் தூளாகிவிடும் என்று பலர் அஞ்சினார்கள். அதே ஆண்டு இத்தாலியின் மோன்சா தடத்தில் ஜான் வாட்சனின் கார் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்தது. வாட்சன் எழுந்து நடந்து வந்தார். அதன்பின் மற்ற அணிகளும் கார்பன் இழைக்கு மாறின. ஓட்டுநரின் உயிரைக் காப்பதில் இதற்கு இணையான முன்னேற்றங்கள் குறைவு. 1989இல் ஃபெராரி கொண்டுவந்த அரைத் தானியங்கி கியர்பாக்ஸும் இப்படித்தான். ஸ்டீயரிங்கின் பின்னாலுள்ள நெம்புகோலால் கியர் மாற்றும் முறை இன்று சாதாரணச் சாலைக் கார்களிலும் இருக்கிறது.

இவற்றோடு வைத்துப் பார்க்க வேண்டியது வில்லியம்ஸ் அணியின் ஆக்டிவ் சஸ்பென்ஷன். கணினியும் ஹைட்ராலிக்ஸும் சேர்ந்து காரின் உயரத்தையும் சாய்வையும் தடத்துக்கேற்ப நொடிக்கு நொடி சரிசெய்யும் ஏற்பாடு அது. இந்த நுட்பம் கொண்ட எஃப்டபிள்யூ14பி காரில் நைஜல் மான்சல் 1992இன் முதல் ஐந்து பந்தயங்களையும், மொத்தம் 16இல் 9 பந்தயங்களையும் வென்றார். 1993இல் அதே அணியில் அலன் புரோஸ்ட் பட்டம் வென்றார். 1994 முதல் ஆக்டிவ் சஸ்பென்ஷனோடு டிராக்ஷன் கன்ட்ரோல், ஏபிஎஸ் பிரேக் ஆகியவையும் தடை செய்யப்பட்டன.

செலவைக் குறைப்பதும் ஓட்டுநரின் திறமைக்கு மதிப்பு கூட்டுவதும் இதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். இரண்டும் ஏற்கத்தக்கவையே. தடை அடுத்த சீசனுக்கே என்பதால் பெற்ற பட்டங்களுக்கும் குந்தகம் இல்லை. ஆனால் காரின் நிலையைச் சமனாக வைத்திருந்த கருவி பறிக்கப்பட்டதும், வேகம் அதிகமாகவே இருந்த கார்கள் நிலைகொள்ளாமல் தடுமாறின. அந்த ஆண்டு இமோலாவில் ஏப்ரல் 30 அன்று ரோலண்ட் ராட்சன்பெர்கரும் மே 1 அன்று அயர்டன் சென்னாவும் உயிரிழந்தார்கள். அந்த மரணங்களைத் தடையின் நேரடி விளைவு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு நுட்பத்தை நீக்குவதும் காரின் பாதுகாப்பைப் பாதிக்கும் முடிவுதான் என்பதை அந்த ஆண்டின் கார்கள் காட்டின. பிறகு வேகத்தைக் குறைக்கச் சீசன் நடுவிலேயே இறக்கைகளும், காரின் பின்னடியிலுள்ள டிஃப்யூசரும் சுருக்கப்பட்டன. ஜெர்மனி பந்தயம் முதல் காரின் அடியில் 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகை பொருத்துவது கட்டாயமானது. பாதுகாப்புக்காக வந்த அந்த அவசரத் திருத்தங்களை அநியாயம் என்று சொல்ல முடியாது.

காற்றாடிக் கார்

சீசன் நடுவில் வரும் தடைகளில்தான் நியாயக் கேள்வி கூர்மையாகிறது. 1978இல் பிராபம் அணியின் ஆல்ஃபா ரோமியோ எஞ்சின் படுத்த நிலை சிலிண்டர்களால் மிகவும் அகலமாக இருந்தது. லோட்டஸைப் போல் காரின் அடியில் காற்றுப் பாதை அமைக்க இடமில்லை. வடிவமைப்பாளர் கார்டன் மர்ரே காரின் பின்முனையில் பெரிய காற்றாடி ஒன்றைப் பொருத்தினார். கியர்பாக்ஸின் சுழற்சியில் இயங்கிய அது, எஞ்சினுக்கு மேல் கிடத்தப்பட்ட ரேடியேட்டர் வழியே காற்றை இழுத்தது. கூடவே காருக்கு அடியிலிருந்த காற்றையும் உறிஞ்சி வெளியே தள்ளியது. நின்றிருக்கும் காரில் ஆக்சிலரேட்டரை மிதித்தாலே கார் தரையை நோக்கி அமுங்குவது வெளிப்படையாகத் தெரிந்தது.

அசையும் காற்றியக்கப் பாகங்களுக்கு ஏற்கெனவே தடை இருந்தது. காற்றாடியின் முதன்மைப் பயன் எஞ்சினைக் குளிர்விப்பதே, அது இழுக்கும் காற்றில் பாதிக்கு மேல் அதற்கே போகிறது என்று பிராபம் வாதிட்டது. ஜூன் 17 அன்று ஸ்வீடனின் ஆண்டர்ஸ்டார்ப் தடத்தில் நிக்கி லாடா 34 வினாடி முன்னிலையில் வென்றார். மற்ற அணிகள் கொதித்தெழுந்தன. பிராபத்தின் உரிமையாளர் பெர்னி எக்கிள்ஸ்டன், அணி உரிமையாளர்கள் சங்கத்துக்கும் தலைவராக இருந்தார். சங்கம் உடைவதைத் தவிர்க்கக் காரை விலக்கிக்கொண்டார். காற்றாடிக்கு விதியும் கதவை அடைத்தது. அந்தக் கார் ஓடியது ஒரே பந்தயம். வெற்றி மட்டும் பறிக்கப்படவில்லை. ஓடிய நாளின் விதிப்படி பெற்ற வெற்றி நிலைக்கும் என்ற அந்த ஒரு கொள்கை காப்பாற்றப்பட்டது. முடிவு விதியின் வலிமையால் வராமல் அணிகளின் நெருக்குதலால் வந்தது அதன் குறை.

மாஸ் டேம்பர்

இதைவிடக் கடுமையான சோதனை 2006இல் வந்தது. ரெனோ அணி 2005 சீசனின் கடைசிக் கட்டத்திலேயே காரின் மூக்குப் பகுதிக்குள் ஸ்பிரிங்கில் தொங்கும் ஓர் எடையை வைத்திருந்தது. மாஸ் டேம்பர் என்று அதற்குப் பெயர். மேடுபள்ளத்தில் கார் அதிரும்போது எடை எதிர்த்திசையில் ஆடி, அதிர்வை விழுங்கிக்கொள்ளும். டயர் தரையோடு சீராகப் பொருந்தியிருக்கும். உயரமான கட்டடங்கள் காற்றில் ஆடாமலிருக்க வைக்கும் எடையும் இதே தத்துவம்தான். அந்தப் பாகம் காருக்குள் மூடப்பட்டிருந்தது; காற்று அதைத் தொடுவதே இல்லை.

எஃப்.ஐ.ஏ. அதை முதலில் ஆட்சேபிக்கவில்லை. 2006 சீசனின் பாதிக்கு மேல் அது ஓடியது. வேறு சில அணிகளும் முயன்றன. ரெனோவின் பெர்னாண்டோ அலோன்சோ பட்டப் பட்டியலில் முன்னிலையில் இருந்தபோது, ஜூலை மாதம் ஜெர்மனி பந்தயத்தை ஒட்டி எஃப்.ஐ.ஏ. நிலையை மாற்றியது. எடை அசைகிறது, அதனால் காரின் உயரம் நிலைப்படுகிறது, அதனால் காற்றோட்டம் மேம்படுகிறது, ஆகவே அது அசையும் காற்றியக்கப் பாகம் என்பது அதன் வாதம். ஹாக்கன்ஹைம் பந்தய நடுவர்கள் அந்த வாதத்தை ஏற்காமல் டேம்பரை அனுமதித்தார்கள். தன் நடுவர்களின் தீர்ப்பை எதிர்த்து எஃப்.ஐ.ஏ.வே மேல்முறையீடு செய்தது. ஆகஸ்ட் மாதம் சர்வதேச மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை உறுதி செய்தது.

இந்தத் தீர்ப்பின் தர்க்கம் நிற்கவில்லை. காரின் உயரத்தை நிலைப்படுத்தும் எதுவும் காற்றோட்டத்தைப் பாதிக்கும் என்றால், ஒவ்வொரு காரிலும் உள்ள சாதாரண ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தடைக்குள் வர வேண்டும். பாதுகாப்புக் காரணம் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. விதியின் ஒரு சொல்லும் மாறவில்லை; பொருள் மட்டும் மாறியது. அந்த நுட்பத்தை நம்பிக் காரின் முழுச் சமநிலையையும் அமைத்திருந்த அணிக்கு அது பெரிய அடி. ஆனாலும் அலோன்சோ 134க்கு 121 என்ற புள்ளிக் கணக்கில் ஃபெராரியின் மைக்கேல் ஷூமாக்கரை முந்திப் பட்டம் வென்றார். அணிப் பட்டத்தில் ரெனோ 206க்கு 201 என்ற நூலிழையில் ஃபெராரியை வென்றது. பட்டம் கைமாறவில்லை என்பதால் முறை சரியாகிவிடாது.

1998இல் மெக்லாரன் அணிக்கும் இதுவே நேர்ந்தது. பின்சக்கரங்களில் ஒன்றை மட்டும் பிடிக்கும் இரண்டாவது பிரேக் பெடல் ஒன்றை அது முந்தைய ஆண்டே பயன்படுத்தத் தொடங்கியிருந்தது. பிரேக் தேவைப்படாத இடத்தில் பின்சக்கர டிஸ்க் சிவந்து ஒளிர்வதைக் கண்ட புகைப்படக்காரர் ஒருவர், தடத்தோரம் நின்றுபோன காரின் இருக்கைப் பகுதிக்குள் கேமராவை நுழைத்துப் படம் எடுத்ததில் ரகசியம் வெளியானது. எஃப்.ஐ.ஏ. முன்பே அனுமதித்திருந்த அந்தக் கருவி, ஃபெராரியின் ஆட்சேபத்தால் சீசனின் இரண்டாவது பந்தயமான பிரேசிலில் தடை செய்யப்பட்டது. அனுமதியை நம்பிச் செலவழித்தவருக்கு அந்த அனுமதியே அடுத்த மாதம் செல்லாது என்றால், விதி கேட்டுத் தெளிவதில் யாருக்கும் பயன் இருக்காது.

சரியான முறைக்கு இரண்டு சான்றுகள்

2009இல் கீழழுத்தத்தை வெகுவாகக் குறைக்கும் நோக்கில் விதிப் புத்தகம் புதிதாக எழுதப்பட்டது. காரின் பின்னடியில் காற்றை விரித்து வெளியேற்றும் டிஃப்யூசரின் உயரம் 175 மில்லிமீட்டருக்குள் அடக்கப்பட்டது. பிரான், டொயோட்டா, வில்லியம்ஸ் ஆகிய மூன்று அணிகள் அடித்தளத்தின் இரு மட்டங்களுக்கு இடையே திறப்பு அமைத்து, மேலே இரண்டாவது டிஃப்யூசர் ஒன்றை இயக்கின. ஹோண்டா விலகியபின் கடைசி நேரத்தில் உயிர்பிழைத்த பிரான் அணியின் ஜென்சன் பட்டன், முதல் ஏழு பந்தயங்களில் ஆறை வென்றார். விதியில் இந்த இடைவெளி இருப்பதை 2008லேயே எடுத்துச் சொல்லி, அடைக்க யோசனை கூறியதாகவும் மற்ற அணிகள் ஏற்கவில்லை என்றும் அணித் தலைவர் ராஸ் பிரான் பின்னர் தெரிவித்தார்.

ஃபெராரி, ரெனோ உள்ளிட்ட அணிகள் மேல்முறையீடு செய்தன. ஏப்ரல் மாதம் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. விதியின் நோக்கம் கெட்டுவிட்டது என்பது உண்மைதான். ஆனால் எழுத்து மீறப்படவில்லை. மற்ற அணிகள் சொந்தமாக இரட்டை டிஃப்யூசர் செய்துகொண்டன. 2011 முதல் அது தடை செய்யப்பட்டது. கண்டுபிடித்தவருக்குப் பலன், மற்றவருக்குப் பின்பற்றும் வாய்ப்பு, விதிக்குப் பின்னர் திருத்தம் என்ற வரிசை இங்கே ஒழுங்காக நடந்தது. 2006, 2009 தீர்ப்புகள் இரண்டும் ஒரே நீதிமன்றத்தில் மூன்று ஆண்டு இடைவெளியில் வந்தவை. அளவுகோல் ஒன்றாக இல்லாததே 2006 தீர்ப்பின் பலவீனத்தைக் காட்டுகிறது.

2020இல் மெர்சிடிஸின் டாஸ் கருவி இன்னொரு நல்ல சான்று. பார்சிலோனா சோதனை ஓட்டத்தில் லூயிஸ் ஹாமில்டன் நேர்பாதையில் ஸ்டீயரிங்கைத் தன்னை நோக்கி இழுப்பதும், முன்சக்கரங்களின் கோணம் மாறுவதும் காரின் கேமராவிலேயே தெரிந்தன. 2021 விதிகள் அதற்கு முன்பே அத்தகைய ஏற்பாட்டைத் தடுத்து எழுதப்பட்டிருந்தன. 2020க்கு அனுமதி, 2021க்குத் தடை. ஆஸ்திரியாவில் ரெட் புல் எழுப்பிய ஆட்சேபமும் தள்ளப்பட்டது. ஓராண்டுப் பலன் மெர்சிடிஸுக்குக் கிடைத்தது. மற்ற அணிகள் பணத்தைக் கொட்டி அதைப் பின்பற்ற வேண்டிய தேவையும் எழவில்லை.

சமமான சொல், சமமற்ற விளைவு

விதி எல்லோருக்கும் பொது என்றாலும் அதன் சுமை எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. 2004இல் 18 பந்தயங்களில் 15ஐ ஃபெராரி வென்றது. 2005இல் தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே டயர்த் தொகுதி என்று விதி மாறியது. ஃபெராரி பயன்படுத்திய பிரிட்ஜ்ஸ்டோன் டயர் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. அந்த ஆண்டு ஃபெராரிக்குக் கிடைத்த ஒரே வெற்றி அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில். அங்கே மிஷலின் டயர்கள் சரிந்த வளைவின் வேகத்தைத் தாங்காது என்று தெரிந்ததும், வேகத்தைக் குறைக்கத் தடத்தில் புதிய வளைவு போடும்படி கேட்கப்பட்டது. சரியான டயரோடு வந்தவர்களுக்கு அது அநியாயம் என்று எஃப்.ஐ.ஏ. மறுத்தது. மிஷலின் அணிகளின் 14 கார்கள் விலக, ஆறு கார்கள் மட்டும் ஓடின. ஜோர்டான் அணியில் ஓடிய கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து, ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியரானார். பணம் கொடுத்து வந்த ரசிகர்கள் ஏமாந்தார்கள். ஆனால் பந்தய நாளில் விதியை வளைக்க மறுத்த கொள்கை சரியானது.

பாதுகாப்பு என்ற காரணமும் சில நேரம் சிக்கலானதாகிறது. 2022இல் கார்கள் நேர்பாதையில் தவளைபோல் குதித்தன. ஓட்டுநர்களின் முதுகு நோவுக்கு அது காரணமானது. எஃப்.ஐ.ஏ. சீசன் நடுவில் அதிர்வுக்கு அளவு நிர்ணயித்து, பெல்ஜியம் பந்தயம் முதல் அமல்படுத்தியது. குதிப்பைத் தாமே அடக்கிவிட்ட அணிகள், மற்றவர் தவறுக்குத் தங்கள் காரை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டன. உடல்நலக் காரணம் உண்மையானதே. ஆனால் குதிக்கும் காரின் உயரத்தைக் கூட்டும்படி அந்தந்த அணிக்கே உத்தரவிடும் வழியும் இருந்தது. பொதுத் திருத்தத்துக்கு முன் அதை முயன்றிருக்கலாம்.

வெளிப்படைத்தன்மை இன்னொரு குறை. 2019 ஃபெராரி எஞ்சின் பற்றிய விசாரணையை எஃப்.ஐ.ஏ. 2020 பிப்ரவரியில் ரகசிய ஒப்பந்தத்தோடு முடித்துக்கொண்டது. ஏழு அணிகள் கூட்டாக எதிர்ப்புத் தெரிவித்தன. காரணம் சொல்லப்படாத முடிவு, சரியாகவே இருந்தாலும் நம்பிக்கை பெறாது.

அண்மைக் காலத்தில் வந்த வேறொரு வழி இதைவிட மேலானது. 2021இல் அணிகளின் ஆண்டுச் செலவுக்கு 14.5 கோடி டாலர் உச்சவரம்பு வந்தது. காற்றுச் சுரங்கச் சோதனைக்கு நிர்ணயித்த அடிப்படை அளவில், 2022 முதல் முந்தைய ஆண்டின் முதல் அணிக்கு 70 விழுக்காடு, பத்தாவது அணிக்கு 115 விழுக்காடு நேரம் தரப்படுகிறது. வென்றவரின் கண்டுபிடிப்பைப் பறிக்காமல், தோற்றவருக்குக் கண்டுபிடிக்கக் கூடுதல் வாய்ப்பு தரும் ஏற்பாடு இது.

முடிவு

தொழில்நுட்ப விதிகள் மாறத்தான் வேண்டும். மாறாத விதியால் உயிருக்கும் ஆபத்து, போட்டிக்கும் ஆபத்து. அநியாயம் நுழைவது சீசன் நடுவில், பாதுகாப்புக் காரணம் இல்லாமல், கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறும்போது. எழுத்துப்படி அனுமதிக்கப்பட்ட நுட்பம் அந்தச் சீசன் முடியும்வரை செல்லுபடியாக வேண்டும். நிரூபணமான ஆபத்து மட்டுமே அதற்கு விலக்கு. தடை எதுவாயினும் காரணத்தோடு வெளியிடப்பட வேண்டும்; பெற்ற வெற்றி பறிக்கப்படக் கூடாது. இந்த அளவுகோலில் 1969இன் இறக்கைத் தடையும் 2009, 2020 முடிவுகளும் தேறுகின்றன; 1998, 2006 முடிவுகள் தேறவில்லை. ஒரு பொறியாளரின் கண்டுபிடிப்புக்குக் குறைந்தது ஒரு சீசன் ஆயுளை உறுதி செய்யும் விதிப் புத்தகமே நியாயமான விதிப் புத்தகம்.